ஓட வழியில்லாதவன் வீரனா?

கொஞ்ச நாளா ஒரு வரி மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு, விடமாட்டேங்குது. எழுதினவர் சர் கார்னெட் வூல்ஸ்லி. விக்டோரியா ராணி காலத்துல பெரிய பேர் வாங்கின ஜெனரல், 1879 ஜூலு யுத்தத்தோட கடைசில தென்னாப்பிரிக்கா வந்து, அங்க பிரிட்டிஷ் படையை நடத்திக்கிட்டு இருந்த ஜெனரல் செம்ஸ்ஃபோர்டுகிட்ட இருந்து பொறுப்பை வாங்கிக்கிட்டவர். அந்த யுத்தத்துல ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்னு ஆத்தங்கரைல இருந்த ஒரு சின்ன காவல் இடத்துல, 150 பிரிட்டிஷ் ஆளுங்க ஒரு ராத்திரி பூரா ஆயிரக்கணக்கான ஜூலு வீரர்களைத் தடுத்து நின்னாங்க. அவங்களைப் பத்தி அவரோட டைரில எழுதுறார், கட்டடத்துக்குள்ள மாட்டிக்கிட்டு, ஓட வழியில்லாம, வேற விதமா உயிரைக் காப்பாத்திக்க முடியாம எலி மாதிரி சண்டை போட்டவங்களை எல்லாம் ஹீரோ ஆக்குறது அக்கிரமம்னு. இதுல கொடுமை என்னன்னா அந்த ஆளுங்கள்ல சில பேரோட நெஞ்சுல, பிரிட்டிஷ் பட்டாளத்தோட பெரிய வீர மெடலான விக்டோரியா க்ராஸ குத்திவிட்டதே இந்த மனுஷன்தான்.

முதல் தடவை படிச்சப்ப பொறாமைல பேசுறார்னு தாண்டிப் போயிட்டேன். யுத்தம் முடியற நேரத்துக்கு வந்து சேர்ந்தவர், பேரெல்லாம் ஏற்கனவே ரெண்டு சின்ன லெஃப்டினன்ட்டுங்க தட்டிக்கிட்டுப் போயாச்சு, வயித்தெரிச்சல் இருக்காதா. ஆனா வயித்தெரிச்சல்ல சொன்னாலும் கேள்வி கேள்விதானே. சுத்தி ஆயிரக்கணக்குல ஆளுங்க, கையில துப்பாக்கி, பின்னாடி மலை. சுட்டாத்தான் உயிரோட இருப்ப. அப்போ சுட்டது வீரமா இல்ல உடம்பு தானா செஞ்ச வேலையா? ஸ்கூல்ல நமக்கு சொல்லிக்குடுத்த சங்கப் பாட்டு எல்லாம் மார்புல காயமா முதுகுல காயமான்னு மட்டும்தான் பாக்கும். பின்னாடி ஓட இடம் இருந்துச்சான்னு எந்த அம்மாவும் கேட்கல. வூல்ஸ்லி கேக்குறார். கேட்ட விதம் அசிங்கமா இருக்கு, ஆனா கேள்வி அசிங்கம் இல்ல, அதான் பிரச்சனை.

யுத்தம் ஏன் வந்துச்சுன்னு நீளமா போக வேணாம். பார்ட்டில் ஃப்ரீர், நம்ம பம்பாய்ல கவர்னரா இருந்த அதே ஆசாமி, அங்க ஹை கமிஷனரா போய் உட்கார்ந்துக்கிட்டு, லண்டன் வேணாம் வேணாம்னு இழுத்துக்கிட்டு இருக்கும்போதே ஜூலு ராஜா செட்ஷ்வாயோவுக்கு ஏத்துக்கவே முடியாத கண்டிஷன் போட்டு ஒரு இறுதி எச்சரிக்கை அனுப்பி, 1879 ஜனவரி 11ஆம் தேதி படையை உள்ள விட்டார். வேற ஒருத்தன் நாட்டுல போய் நின்னுக்கிட்டு காட்டின வீரம்தான் நாம பேசுறது. இத மறந்துட்டு மேல படிக்கக் கூடாது, நானும் மறக்கல. (ஜூலு நாட்டுக்குப் பக்கத்துல இருந்த பிரிட்டிஷ் காலனி நேட்டால்ல, கடலோரக் கரும்புத் தோட்டங்கள்ல, 1860ல மெட்ராஸ்ல இருந்து முதல் கப்பல் போனதுக்கு அப்புறம் நம்ம ஜனங்க ஒப்பந்தக் கூலியா வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்கங்கறதும் ஒரு ஓரமா ஞாபகத்துக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு.)

டல்லான ரெண்டு பேர்

ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்னா உடனே வர்ற பேர் ரெண்டு. ராயல் எஞ்சினியர்ஸ் லெஃப்டினன்ட் ஜான் சார்ட், 24ஆவது ரெஜிமென்ட் லெஃப்டினன்ட் கோன்வில் ப்ராம்ஹெட். சார்ட்டுக்கு 31 வயசு, அதுவரைக்கும் ஒரு சண்டையும் பாத்ததில்ல, பெர்முடாலயும் மால்டாலயும் கோட்டை கட்டுற வேலை பாத்தவர். ப்ராம்ஹெட்டுக்கு 33, பரம்பரையே பட்டாளம், அப்பா வாட்டர்லூல சண்டை போட்டவர், ஆனா இவருக்கு காது சரியா கேட்காது. கூட வேலை பாத்த பெரிய ஆஃபீசருங்க இவங்க ரெண்டு பேரைப் பத்தி எழுதி வச்சதைப் படிச்சா சிரிப்பு வரும். சார்ட் மாதிரி சுவாரஸ்யமே இல்லாத, பாக்கவே மந்தமா இருக்கற ஆளை நான் பாத்ததில்லைன்னு வூல்ஸ்லி. ப்ராம்ஹெட்டும் அதே ரகம்னு அடுத்த வரில. இன்னொருத்தர், கிளெரின்னு ஒரு ஸ்டாஃப் ஆஃபீசர், ப்ராம்ஹெட் நல்ல மனுஷன்தான் பட்டாள வேலையைத் தவிர எல்லாத்துலயும்னு ஒரு போடு போடுறார். சண்டை முடிஞ்சு பேரு உலகம் பூரா போனதுக்கு அப்புறமும் அந்த ஆள் பண்ணின ஒரே காரியம் கல்லு மேல உட்கார்ந்து பைப் குடிச்சதுதானாம்.

எனக்கு ப்ராம்ஹெட்ட இதனாலயே ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அதுக்கப்புறம் ராணியே பாக்கணும்னு கூப்பிட்டு விட்டப்போ மனுஷன் அயர்லாந்துல மீன் பிடிக்கப் போயிருந்தார், அழைப்பு கைக்குக் கிடைக்கறதுக்குள்ள நேரம் தாண்டிடுச்சு. சார்ட் மட்டும் பால்மோரல் போய் ராணிகிட்ட மோதிரம் வாங்கிட்டு வந்தார். ப்ராம்ஹெட் கடைசில 1891ல நம்ம அலகாபாத்ல டைஃபாய்டு வந்து செத்தார், 45 வயசு, சமாதி இன்னும் அங்க கன்டோன்மென்ட் கல்லறைத் தோட்டத்துல இருக்கு. சார்ட் 1897ல நாக்குல கேன்சர் வந்து போனார்.

பளபளன்னு இருக்கற ஆஃபீசருங்களுக்கு இந்த ரெண்டு பேரோட புகழ் தாங்கல, அவ்ளோதான் விஷயம். புத்திசாலிங்க எல்லாம் செம்ஸ்ஃபோர்டு கூட முன்னாடி போயாச்சு, இவங்கள பின்னாடி ஆஸ்பத்திரிக்கும் ஸ்டோருக்கும் காவலா விட்டுட்டுப் போனாங்க. முன்னாடி போன புத்திசாலிங்க 1879 ஜனவரி 22ஆம் தேதி மத்தியானம் இசாண்ட்ல்வானால 20,000 ஜூலு வீரர்கள்கிட்ட முகாமையே பறிகொடுத்தாங்க. 1,300 பேருக்கு மேல காலி. பின்னாடி விட்டுட்டுப் போன மந்தமான ஆளுங்க தாக்குப்பிடிச்சுட்டாங்க.

மூணேகால்ல இருந்து நாலரை வரைக்கும்

வூல்ஸ்லியோட கேள்விக்கு பதில் ராத்திரி சண்டைல இல்ல. எல்லாரும் அந்த ராத்திரியைத்தான் விவரிப்பாங்க, படமும் அதைத்தான் எடுத்தாங்க, தீயும் ஈட்டியும் பாக்க நல்லா இருக்கும். என்னைப் பொறுத்தவரை விஷயம் பூரா அதுக்கு முன்னாடி ஒண்ணேகால் மணி நேரத்துல நடந்து முடிஞ்சுடுச்சு.

இடம் எப்படின்னா, ஸ்வீடன் மிஷன்காரங்களோட ரெண்டு கூரை வேஞ்ச கட்டடம், ஒண்ணு ஆஸ்பத்திரி, ஒண்ணு ஸ்டோர். பின்னாடி ஷியானே மலை. அரை மைல் தள்ளி பஃபலோ ஆறு, அதுல மிதவைப் படகு ரெண்டு. அன்னிக்கு அந்த இடத்துக்குப் பொறுப்பு மேஜர் ஸ்பால்டிங். மத்தியானம் ரெண்டு மணிவாக்குல, வர வேண்டிய ஒரு கம்பெனி இன்னும் வரலையே, ஹெல்ப்மேகார் வரைக்கும் போய் பாத்துட்டு வரேன்னு குதிரை ஏறினவர், உங்க ரெண்டு பேர்ல யாரு சீனியர்னு லிஸ்ட்ட எடுத்துப் பாத்து, சார்ட், நீங்கதான் இன்சார்ஜ், ஆனா ஒண்ணும் நடக்காது, சாயங்காலமே வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போயிட்டார். சார்ட் ஆத்தங்கரைல தன் கூடாரத்துல உட்கார்ந்து லெட்டர் எழுதிக்கிட்டு இருந்தார். மூணேகாலுக்கு அக்கரைல குதிரைல ரெண்டு பேர் கத்திக்கிட்டே வர்றாங்க. இசாண்ட்ல்வானா போச்சு, ஜூலு படை இங்க வந்துக்கிட்டு இருக்கு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. கையில ஒரு மணி நேரத்துக்கு மேல டைம் இருக்கு. ஆஃபீசருங்களுக்கு குதிரை இருக்கு. ஹெல்ப்மேகார் பத்து பன்னெண்டு மைல். ஆரோக்கியமா இருக்கற சிப்பாய் கிளம்பி ஓடினா பாதிப் பேராவது போய்ச் சேர்ந்திருப்பான். வழி இருந்துச்சு! வூல்ஸ்லி சொன்னதுல முதல் ஓட்டை இங்கதான். ஆனா ஆஸ்பத்திரில முப்பது முப்பத்தஞ்சு பேர் படுத்துக் கிடக்காங்க, காய்ச்சல், கால் முறிவு, எழுந்து நடக்க முடியாதவங்க. அவங்கள மாட்டு வண்டில ஏத்திக்கிட்டுப் போகணும். ரெண்டு வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தியும் ஆச்சு, கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டு இருக்காங்க. அப்போதான் கமிசாரியட், அதாவது ரேஷன் பிரிவு ஆள் ஜேம்ஸ் டால்டன் பேசுறார். 22 வருஷம் பட்டாளத்துல இருந்து சார்ஜென்ட்டா வெளிய வந்து, இப்போ சோளமும் பிஸ்கட்டும் கணக்கு பாத்துக்கிட்டு தற்காலிக வேலைல இருக்கறவர். மாட்டு வண்டி நகர்ற வேகத்துக்கு நோயாளிங்களோட நாம வெட்டவெளில போனா நிச்சயமா பிடிச்சுருவாங்க, அதனால இங்கயே நிக்கணும். ப்ராம்ஹெட் சரின்னார். ஆத்துல இருந்து வந்த சார்ட்டும் பாத்துட்டு சரின்னார். மீட்டிங் முடிஞ்சுது.

இதுல வீராவேசமா ஒரு வசனம் கிடையாது. ஒரு ஸ்டோர் கிளார்க் மாட்டு வண்டியோட வேகத்தைக் கணக்குப் போட்டான், அவ்ளோதான். ஆனா அந்தக் கணக்குல சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு பாருங்க, வண்டிய விட்டுட்டு நாம மட்டும் ஓடலாமேன்னு. அந்த ஆப்ஷன அவங்க பேசினதா எந்தக் குறிப்புலயும் இல்ல. பேசியிருந்தா வூல்ஸ்லிக்கு எலி கிடைச்சிருக்காது, ஆஸ்பத்திரில முப்பது பொணம் கிடைச்சிருக்கும்.

அப்புறம் ஆரம்பிச்சாங்க மூட்டை அடுக்க. ஒரு சோள மூட்டை 200 பவுண்டு, நம்ம கணக்குல 90 கிலோ. பிஸ்கட் பெட்டி அதுல பாதி. ரெண்டு கட்டடத்தையும் சேர்த்து நெஞ்சளவுக்கு சுவரு, வந்து நின்ன ரெண்டு வண்டியையும் சுவர்லயே வச்சுக் கட்டிட்டாங்க. மிதவைல வேலை பாத்த டேனியல்ஸ்னு ஒருத்தரும் சார்ஜென்ட் மில்னும் வந்து, படகை நடு ஆத்துல நிறுத்திட்டு அதுல இருந்தே ஆத்தைக் காவல் காக்கறோம்னு கேட்டிருக்காங்க. சார்ட் வேணாம்னு கூட்டிக்கிட்டு வந்துட்டார். நாலு இருபது வாக்குல, இசாண்ட்ல்வானால இருந்து தப்பிச்சு வந்து உதவிக்கு நின்ன நூறு குதிரைக்காரங்க, குண்டும் தீர்ந்து தெம்பும் தீர்ந்து, எதிரியப் பாத்ததும் கிளம்பிட்டாங்க. அதைப் பாத்துட்டு சுவருக்குப் பின்னாடி இருந்த நேட்டால் நேட்டிவ் கான்டிஞ்சென்ட் (நேட்டால் கறுப்பின ஆளுங்களைச் சேர்த்த படைப்பிரிவு) கம்பெனி, அதோட கேப்டன் ஸ்டீவன்சன் உட்பட, சுவரைத் தாண்டி ஓடிருச்சு. கோவத்துல உள்ள இருந்து யாரோ சுட்டதுல அவங்க கூட ஓடின வெள்ளைக்கார கார்ப்பரல் ஒருத்தன் செத்தான். மிச்சம் 150 பேர், அதுலயும் ஒரு பகுதி நோயாளி. இவ்ளோ நீள சுவரைக் காக்க ஆள் பத்தாதுன்னு சார்ட் உடனே குறுக்க ஒரு பிஸ்கட் பெட்டி சுவரு கட்டச் சொன்னார் பாருங்க, அந்த மந்தமான மனுஷன் எடுத்த முடிவுலயே பெரிய முடிவு அதுதான், ராத்திரி எல்லார் உயிரையும் காப்பாத்தினது அந்தக் குறுக்குச் சுவருதான். அது ரெண்டு பெட்டி உயரம் வந்தப்போ மலையைச் சுத்தி முதல் கூட்டம் வந்தாச்சு. மணி நாலரை.

ஓட முடியாதவங்களும் ஓடினவங்களும் ஒரே சுவருக்குப் பின்னாடிதான் இருந்தாங்க. கேப்டனுக்கு வழி தெரிஞ்சுது, போயிட்டான். மத்தவங்களுக்கும் அதே வழி திறந்துதான் இருந்துச்சு.

பெரியப்பா கேட்டது

எங்க பெரியப்பா ஒருத்தர் ஆர்மில இருந்து ஹவில்தாரா ரிட்டையர் ஆனவர், வேலூர் பக்கம் கிராமம். ஆனா ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது ரேஷன், வண்டி, ஸ்டோர். கல்யாணம் காட்சின்னு சொந்தக்காரங்க கூடுற இடத்துல, மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்த இன்னொரு மாமா எல்லைக் கதை சொல்ல ஆரம்பிச்சா கூட்டமே வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்கும், பெரியப்பாவப் பாத்து, நீங்க அரிசி மூட்டை எண்ணினவர்தானேன்னு யாராவது ஒரு பொடியன் சிரிப்பான். அவரும் சிரிச்சுட்டு வெத்தலையப் போட்டுக்குவார்.

இந்தக் கதைய அவர்கிட்ட ஒரு சாயங்காலம் திண்ணைல உட்கார்ந்து சொல்லிக்கிட்டு இருந்தேன். விக்டோரியா க்ராஸ் எத்தனை, எதிரி எத்தனை பேர்னு நான் அடுக்கிக்கிட்டே போறேன், அவர் காதுலயே வாங்கல. "ஒரு மூட்டை எத்தன கிலோடா?"ன்னார். தொண்ணூறுன்னேன். "தொண்ணூறா. அப்ப ரெண்டு ஆளு தூக்கணும். ஒரு மணி நேரம்னு சொல்ற, அவ்ளோ நீளத்துக்கு எவன் அளந்து குடுத்தான்? மூட்டைய வரிசை மாத்தி மாத்திப் போடாம அடுக்கினா நாலு பேரு சாஞ்சா உழுந்துரும்." டால்டனப் பத்தி சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "ஸ்டோர்காரனுக்கு மெடல் குடுத்தானுங்களா?"

குடுத்தாங்க பெரியப்பா, ஆனா முதல் லிஸ்ட்ல பேரே இல்ல, வெளிய கொஞ்சம் சத்தம் கிளம்பினதுக்கு அப்புறம் 1879 நவம்பர்லதான் அறிவிச்சாங்கன்னு சொன்னேன். "அதான பாத்தேன்"ன்னுட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

இதுல ஒரு விசேஷம், வூல்ஸ்லியோட டைரிலயே, சார்ட்டயும் ப்ராம்ஹெட்டயும் மண்டுன்னு திட்டின அதே இடத்துல, இங்க முகாம்ல பேசிக்கறாங்க, அங்க எல்லாரையும் விட கஷ்டப்பட்டு வேலை பாத்தது கமிசாரியட் ஆஃபீசராம், அவருக்கு ஒண்ணுமே குடுக்கலயாம்னு எழுதியிருக்கார். ஆக டால்டன் விஷயம் அவருக்கும் தெரிஞ்சிருக்கு. டால்டன் சண்டைல தோள்ல குண்டு வாங்கினப்போ, பக்கத்துல இருந்த சார்ட்கிட்ட துப்பாக்கிய அமைதியா நீட்டிட்டு, தன் பாக்கெட்ல மிச்சம் இருந்த தோட்டாவையும் சார்ட் எடுத்துக்கற வரைக்கும் பொறுமையா இருந்தாராம். அந்த நேரத்துலயும் ஸ்டாக் கணக்கு! கூட வேலை பாத்த இன்னொரு ஸ்டோர் ஆள் பைர்ன், அடிபட்டுக் கிடந்த ஸ்காமல்ங்கற கார்ப்பரலுக்கு தண்ணி எடுத்துக் குடுக்கப் போய் தலைல குண்டு பாஞ்சு அங்கயே விழுந்தார். 1887ல டால்டன் போர்ட் எலிசபெத்ல ஒரு ஹோட்டல்ல தங்கியிருந்தப்போ செத்துப்போனார்.

சுவரைக் குடைஞ்சவங்க

ஆஸ்பத்திரிய விட்டுட்டா கதை முழுசா ஆகாது. அந்தக் கட்டடத்துல நிறைய ரூம்களுக்கு நடுவுல கதவே கிடையாது, வெளிப்பக்கமாத்தான் போக முடியும். உள்ள நோயாளிங்க கூட அரை டஜன் சிப்பாய்ங்க. அதுல ஒருத்தன் ஹென்றி ஹூக், ஆஸ்பத்திரி சமையல்காரன், தகவல் வந்தப்போ நோயாளிங்களுக்கு டீ போட்டுக்கிட்டு இருந்தவன். (சினிமால இவனைக் குடிகாரனா சோம்பேறியா காட்டினாங்க. நிஜத்துல குடியே பழகாதவன்.) வெளிக்கதவு ஒவ்வொண்ணா உடைய, கூரைல தீ வைக்க, வழி இல்லாமப் போனதும் ஜான் வில்லியம்ஸ் கடப்பாரை மாதிரி ஒண்ணை வச்சுக்கிட்டு உள்சுவர்ல ஓட்டை போட ஆரம்பிச்சான். ஹூக் கதவுல நின்னு பேனட்டால, அதான் துப்பாக்கி முனைக் கத்தியால, தடுக்குறான், ஒரு நேரத்துல ஒருத்தன்தான் உள்ள நுழைய முடியற சந்து. ஓட்டை ஆள் நுழையற அளவு ஆனதும் நோயாளிங்கள அதுல இழுத்து அடுத்த ரூமுக்கு, அங்கயும் கதவு உடையும், மறுபடி அடுத்த சுவரு. புகைல கண்ணே தெரியல. கடைசியா கானலின்னு கால் அடிபட்டு நகர முடியாத ஒருத்தன், தூக்க நேரமில்ல, ஹூக் அவனைப் பிடிச்சு ஓட்டை வழியா அப்படியே இழுத்ததுல கால் மறுபடியும் முறிஞ்சுடுச்சுன்னு ஹூக்கே பின்னாடி சொல்லியிருக்கான்.

வேற ரூம்ல சார்ஜென்ட் மேக்ஸ்ஃபீல்டுன்னு ஒருத்தருக்கு ஜுர ஜன்னி. ராபர்ட் ஜோன்ஸும் வில்லியம் ஜோன்ஸும் சட்டையப் போட்டுவிட்டுக் கூட்டிக்கிட்டுப் போகப் பாக்குறாங்க, மனுஷன் முரண்டு பிடிக்குறார். மத்தவங்கள அனுப்பிட்டு ராபர்ட் ஜோன்ஸ் திரும்பிப் போய்ப் பாத்தா படுக்கைலயே குத்திக் கொன்னுக்கிட்டு இருக்காங்க. ஒரு உயரமான ஜன்னல் வழியா முற்றத்துல குதிச்சு, ரெண்டு பக்கமும் குண்டு பறக்கற வெட்டவெளியத் தாண்டித்தான் பிஸ்கட் பெட்டிச் சுவருக்கு வரணும். அங்க ஹிட்ச், ஆலன்னு ரெண்டு பேர், உடம்புல ரத்தம் ஒழுக ஒழுக, இவங்க வர்ற வரைக்கும் நகராம சுட்டுக்கிட்டே இருந்தாங்க.

ஹூக்குக்கும் வில்லியம்ஸுக்கும் பின்னாடி எப்பவும் ஒரு ஓட்டை திறந்து இருந்துச்சே! அவங்களே போட்ட ஓட்டை. ரெண்டு பேரும் முதல்ல நுழைஞ்சு போயிருந்தா யார் கேட்டிருப்பா? எலின்னா முதல்ல நுழையும் வூல்ஸ்லி துரை, கடைசியா நுழையாது.

லண்டனுக்குத் தேவைப்பட்ட 11

மொத்தம் 11 விக்டோரியா க்ராஸ். ஏழு ஒரே ரெஜிமென்ட்டுக்கு, ஒரே சண்டைல ஒரே ரெஜிமென்ட்டுக்கு அவ்ளோ அதுக்கு முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல. இசாண்ட்ல்வானா செய்தி பிப்ரவரில லண்டன் போய்ச் சேர்ந்தப்போ அரசாங்கத்துக்கும் செம்ஸ்ஃபோர்டுக்கும் முகத்தை வச்சுக்க இடமில்ல, 1,300 பேரைப் பலி குடுத்ததைப் பத்தி எவனும் பேசாம இருக்க ஏதாவது ஒரு நல்ல செய்தி வேணும், ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் வாகா மாட்டுச்சு. வூல்ஸ்லி கோவப்பட்டதுல இந்தப் பாதிய மட்டும் நான் ஒத்துக்கறேன். தோத்த ஜெனரலோட ஓட்டைய மூட சிப்பாயோட மெடல் பயன்பட்டுச்சு. ஆனா அதுக்கு அந்த சிப்பாய் என்ன பண்ணுவான்?

அந்த லிஸ்ட்டும் ஒழுங்கா இல்ல. ஜோசஃப் வில்லியம்ஸ்னு ஒருத்தன் ஆஸ்பத்திரி ரூம் ஜன்னல்ல தோட்டா தீர்ற வரைக்கும் நின்னு, அப்புறம் வெளிய இழுத்துப் போட்டு வெட்டிக் கொன்னாங்க. உயிரோட இருந்திருந்தா சிபாரிசு பண்ணியிருப்போம்னு எழுதிவச்சாங்க. அப்போ செத்தவனுக்கு விக்டோரியா க்ராஸ் கிடையாது, அந்த வழக்கம் மாறுனது 1907ல. அதுலயும் இசாண்ட்ல்வானால இருந்து கொடியோட குதிரைல போய் செத்த ரெண்டு ஆஃபீசருங்க மெல்வில், கோகில் பேரை எடுத்துக் குடுத்தாங்க, ஜோசஃப் வில்லியம்ஸ் அப்படியே விட்டுப்போனான்.

வாங்கினவங்க கதையும் சொகுசா முடியல. ஷீஸ்னு ஒரு ஸ்விஸ் பையன், கால்ல புண்ணோட சுவருக்கு வெளிய எகிறி சண்டை போட்டவன், வேலை கிடைக்காம பஞ்சைப் பராரியா திரிஞ்சு, 1884ல இங்கிலாந்து போற கப்பல்லயே செத்து, கடல்ல போட்டாங்க, 28 வயசு. வில்லியம் ஜோன்ஸ் மெடல அடகு வச்சுட்டார். ராபர்ட் ஜோன்ஸ் 1898ல தன் துப்பாக்கியாலயே செத்தார், தற்கொலைன்னு தீர்ப்பு வந்து, சமாதிக் கல்லை மத்தக் கல்லுக்கெல்லாம் எதிர்ப்பக்கமா திருப்பி நட்டு வச்சிருக்காங்க. மேக்ஸ்ஃபீல்டோட படுக்கைக்குத் திரும்பிப் போன அதே ராபர்ட் ஜோன்ஸ்தான்.

சுவருக்கு வெளிய

இவ்ளோ நேரம் உள்ள இருந்தே பேசிட்டேன். வூல்ஸ்லி அளவுகோல நேர்மையா எடுத்துக்கிட்டா, அதாவது போக வழி இருந்தும் போகாதவன்தான் வீரன்னு வச்சுக்கிட்டா, அன்னிக்கு ராத்திரி அந்த இடத்துலயே அதுக்கு நூத்துக்கு நூறு பொருந்தறவங்க ஜூலு வீரர்கள்தான். 3,000ல இருந்து 4,000 பேர், ராஜாவோட தம்பி டபுலமன்சி தலைமை. இசாண்ட்ல்வானால ரிசர்வ்ல இருந்ததால பெரிய சண்டை கைக்குக் கிடைக்கல. முக்கால்வாசிப் பேர் கல்யாணமாகி தலைல வளையம் கட்டின நாப்பது வயசுக்காரங்க, உத்துல்வானா படைன்னா ராஜாவே ஒரு காலத்துல இருந்த படை, வெறுங்கையோட வீட்டுக்குப் போக மானம் இடம் குடுக்கல. ஆத்தைத் தாண்டி நேட்டாலுக்குள்ள போகாதீங்கன்னு ராஜா சொன்னதையும் மீறி வந்தாங்க. காலைல இருந்து ஓடி, வயித்துல ஒண்ணுமில்லாம வந்து, மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கு எதிரா ஈட்டியும் பழைய மஸ்கட்டும் வச்சுக்கிட்டு மூட்டைச் சுவர்ல மோதினாங்க. சுடற துப்பாக்கியோட குழாய வெறுங்கையால பிடிச்சு இழுத்திருக்காங்க, அது சூட்டுல கை வெந்துபோற அளவுக்குக் கொதிச்சுக்கிட்டு இருந்த குழாய். அவங்களுக்குப் பின்னாடி திறந்த வெளி, ஆறு, சொந்த ஊர். எந்த நேரமும் திரும்பியிருக்கலாம். நடுராத்திரி தாண்டியும் திரும்பத் திரும்ப வந்தாங்க.

விடிஞ்சப்போ உள்ள செத்தவங்க, அப்புறம் காயத்துல போனவங்க எல்லாம் சேர்த்து 17. சுத்தி எண்ணின ஜூலு உடல் 351. காயம்பட்டு நகர முடியாமக் கிடந்தவங்களை செம்ஸ்ஃபோர்டோட ஆளுங்களும் மத்தவங்களும் சேர்ந்து அன்னிக்குப் பகல்ல கொன்னு முடிச்சாங்க. தோல் காயப் போட ஸ்மித் டோரியன்னு ஒரு இளம் ஆஃபீசர் கட்டி வச்சிருந்த மரச்சட்டத்துல ரெண்டு ஜூலு ஆளுங்களைத் தூக்குல தொங்கவிட்டிருந்தாங்க, அதை அவரே எழுதி வச்சிருக்கார். இசாண்ட்ல்வானால தன் ஆளுங்க வயிறு கிழிச்சுக் கிடந்ததைப் பாத்துட்டு வந்தவங்க, வெறில இருந்தாங்கன்னு சமாதானம் சொல்லுவாங்க. இருக்கலாம். அந்த 11 மெடலுக்கான சான்றிதழ்ல இந்தப் பகல் வராது.

தப்பிச்சு ஊர் திரும்பின ஜூலு ஆளுங்களுக்கு என்ன மரியாதை கிடைச்சுது தெரியுமா? கேலி. நீங்கல்லாம் ஆம்பளையா, உங்களுக்கு ஒரு கெடுதலும் பண்ணாத ஜிம்மோட வீட்டை ஈட்டியால நோண்டிப் பாக்கப் போனீங்களாக்கும்னு ஊரே சிரிச்சுது. அந்த இடத்துக்கு முன்னாடி சொந்தக்காரன் ஜேம்ஸ் ரோர்க்கைத்தான் அவங்க ஜிம்னு கூப்பிடுவாங்க. எல்லைய மீறினதுக்கு டபுலமன்சி மேல ராஜாவுக்கும் கோவம். 1886ல ஒரு போயர்காரன் (அங்க குடியேறின டச்சு வம்சாவளிக்காரன்) டபுலமன்சியச் சுட்டுக் கொன்னான். உள்ள நின்னவங்கள வூல்ஸ்லி எலின்னார், வெளிய நின்னவங்கள சொந்த ஊரே பொம்பளைங்கன்னுச்சு, ரெண்டு பேச்சும் அன்னிக்கு ராத்திரி அங்க இல்லாதவங்க பேசினது.

வூல்ஸ்லிய ஒரு வழியா நான் பாத்துக்குவேன், ஆனா இன்னும் என் மனசு ஒத்துக்காத இடம் ஒண்ணு பாக்கி இருக்கு. நாலு இருபதுக்கு சுவரைத் தாண்டி ஓடின அந்த ஸ்டீவன்சன் கம்பெனி. கேப்டனைப் பத்தி எனக்கு சந்தேகமே இல்ல, அவன் பேர் கெட்டது நியாயம். ஆனா அவன் கூட போன நேட்டால் கறுப்பின ஆளுங்க? அவங்க படைப்பிரிவுல பத்துப் பேருக்கு ஒருத்தர்கிட்டதான் துப்பாக்கி, மத்தவங்ககிட்ட ஈட்டி, யூனிஃபார்ம்னு குடுத்தது தலைல கட்டிக்க ஒரு சிவப்புத் துணி. ஃப்ரீர் ஆரம்பிச்ச யுத்தம், வெள்ளைக்காரன் ஸ்டோர், ஜெயிச்சா அவங்களுக்கு ஒரு செண்ட் நிலம் கூடக் கிடைக்காது. எல்லாப் புத்தகத்துலயும் அவங்களுக்கு ஒரே வரிதான், ஓடிட்டாங்க. போக வழி இருந்துச்சு, போனாங்க. அவங்களைக் கோழைன்னு எழுத எனக்குக் கை வரல, டால்டன வீரன்னு எழுதின அதே கைதான்.